ஆப்சிந்த்: பாண்டியில் கிடைக்குமா, குடித்தால் என்ன ஆகும், நல்ல சரக்கை எப்படிக் கண்டுபிடிப்பது?

பாகூர்க்காரன்
பிரான்ஸிலிருந்து வரும் சொந்தக்காரர் ஒருவர் ஆப்சிந்த் (சோம்பும் கசப்பு மூலிகையும் சேர்த்து வடிக்கும் வலுவான மது) ஒரு பாட்டில் வாங்கி வரட்டுமா என்று கேட்கிறார். நெட்டில் தேடினால் ஒருத்தன் "கண்ணுக்கு முன்னால் பச்சைத் தேவதை ஆடும்" என்கிறான், இன்னொருத்தன் "வெறும் சோம்புச் சாராயம், காசு தண்டம்" என்கிறான். எது சரி? இங்கே கொண்டுவரச் சட்டச் சிக்கல் உண்டா? பாண்டி கடையிலேயே கிடைத்தால் அவரை ஏன் சுமக்க வைக்க வேண்டும்? வந்த பிறகு எப்படிக் கலக்கணும் என்பதும் தெரியாது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கலால் கணக்கு
மற்றதெல்லாம் அப்புறம். முதலில் பாட்டிலில் எத்தனை சதவீதம் போட்டிருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். ஆல்கஹால் 70 சதவீதத்தைத் தாண்டினால் பயணிகள் விமானத்தில் ஏற்றவே விட மாட்டார்கள். பெட்டியில் போட்டாலும் இல்லை, கையில் வைத்தாலும் இல்லை. 24க்கு மேல் 70 வரை உள்ளது என்றால் ஆளுக்கு 5 லிட்டர் வரை பெட்டியில் வைக்கலாம், கடையில் வாங்கிய சீல் அப்படியே இருக்க வேண்டும்.

ஆப்சிந்துக்கு இது ஏன் முக்கியம் என்றால், விஸ்கி பிராந்தியில் இந்தக் கோட்டை யாரும் தொடுவதில்லை. ஆப்சிந்தில் 72, 74 எல்லாம் சாதாரணம். ஜேட் என்ற பெயரில் வரும் வரிசையில் எஸ்ப்ரி எதுவார் 72 சதவீதம், அதே வரிசையில் 1901 என்ற பாட்டில் 68. முதலாவதை வாங்கினால் பாரிஸ் விமான நிலையத்துக் குப்பைத்தொட்டிக்குத்தான் போகும். இரண்டாவது ஊர் வந்து சேரும்.

இந்தியாவில் இறங்கும்போது வயது வந்த ஒருவர் 2 லிட்டர் வரை வரியில்லாமல் கொண்டுவரலாம். ஆப்சிந்துக்குத் தனிக் கணக்கு கிடையாது, மற்ற மதுவோடு சேர்த்துத்தான் 2 லிட்டர். ஒரு லிட்டர் ஸ்காட்ச் ஏற்கெனவே பையில் இருந்தால் மிச்சம் ஒரு லிட்டர்தான். 700 மி.லி. பாட்டிலில் ஒன்று அதில் அடங்கும்.

துபாய், தோஹா வழியாக மாறி வருகிறார் என்றால் வரிவிலக்குக் கடையில் வாங்கியதைச் சீல் வைத்த பையிலிருந்து எடுக்கக் கூடாது, பில் பைக்குள்ளேயே தெரிய வேண்டும். சென்னையில் இறங்கி அங்கிருந்து உள்நாட்டு விமானம் ஏறுவதாக இருந்தால் பாட்டிலைப் பெட்டிக்கு மாற்றிவிடுங்கள். அந்தச் சோதனையில் கைப்பையில் இருக்கும் மதுப் பாட்டிலை நிறுத்திவிடலாம். பார்சலில் அனுப்புகிறேன் என்று எவராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். தபாலில் மது அனுப்புவது தடை, மாட்டினால் பாட்டிலும் போகும், தலைவலியும் வரும்.

ஆல்பேட்டைப் பாலம்
கூடவே இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பாகூரில் குடித்தால் பாகூரோடு நிற்கட்டும். கடலூர்ப் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

"ஒரு பாட்டில் தானே, சொந்தத்துக்குத் தானே" என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். புதுச்சேரி பாட்டிலில் புதுச்சேரியில் மட்டும் விற்பனைக்கு என்று அச்சிட்டிருக்கும். அதற்குத் தமிழ்நாட்டில் வரி கட்டவில்லை. முள்ளோடை தாண்டி ஆல்பேட்டை சோதனைச் சாவடிக்கு வந்ததும் அது 1937ஆம் ஆண்டு தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டத்தின் கீழ் வரும் சரக்கு. வழக்கு ஒரு பக்கம், வண்டியைப் பிடித்து வைத்தால் அதை மீட்பது இன்னொரு பக்கம். ஆயிரம் ரூபாய்ப் பாட்டிலுக்கு லட்ச ரூபாய் பைக்கைப் பணயம் வைப்பது புத்திசாலித்தனம் இல்லை.

விமான நிலையத்தில் வரிவிலக்கில் வந்த பாட்டில் வேறு வகை. அதைச் சென்னையிலிருந்து ஈ.சி.ஆர். வழியாகக் கொண்டுவரும்போது பில், போர்டிங் பாஸ், உடைக்காத சீல் மூன்றும் கையோடு இருந்தால் பேச ஆதாரம் இருக்கும். பில் இல்லாத வெளிநாட்டுப் பாட்டிலை எங்கிருந்து வந்தது என்று நிரூபிக்க முடியாது.

வயது விஷயமும் மறக்க வேண்டாம். புதுச்சேரியில் 18, தமிழ்நாட்டில் 21.

வேதிப்பிரியன்
பச்சைத் தேவதைக்கு வருகிறேன்.

ஆப்சிந்தில் மூன்று சரக்கு அடிப்படை: ஆர்ட்டிமீசியா அப்சிந்தியம் என்ற கசப்புச் செடி, சீமைச் சோம்பு, நம்மூர் சமையல் சோம்பின் ஃப்ளாரன்ஸ் வகை. இவற்றை வலுவான ஆல்கஹாலில் ஊறப்போட்டு வடிக்கிறார்கள். அந்தக் கசப்புச் செடியின் எண்ணெயில் தூஜோன் என்ற பொருள் இருக்கிறது. பேயும் தேவதையும் எல்லாம் அதன் தலையில்தான் கட்டப்படுகிறது.

தூஜோன் நிஜமாகவே நரம்பைத் தாக்கும் பொருள்தான். மூளையில் நரம்புகளை அடக்கி வைக்கும் காபா என்ற வேதிப்பொருளின் வேலையை அது தடுக்கிறது. அளவு கூடினால் வலிப்பு வரும். கவனியுங்கள், வலிப்பு. கனவுக் காட்சி இல்லை. 1970களில் அது கஞ்சாவின் வேலையைச் செய்கிறது என்று ஓர் ஊகம் கிளம்பியது, பிறகு சோதித்துப் பார்த்ததில் நிற்கவில்லை.

இனி கணக்கு. ஐரோப்பிய ஒன்றியத்தில் ஆர்ட்டிமீசியா செடியிலிருந்து செய்யும் மதுவுக்கு உச்சவரம்பு கிலோவுக்கு 35 மி.கி. தூஜோன். 68 சதவீத ஆப்சிந்த் 30 மி.லி. சுமார் 27 கிராம் எடை. உச்சவரம்பிலேயே இருந்தாலும் அதில் தூஜோன் 1 மி.கி.யைத் தொடாது. அதே கிளாஸில் ஆல்கஹால் 16 கிராம். அதாவது பதினாறாயிரம் மி.கி. எது உங்களைச் சாய்க்கும் என்று நீங்களே சொல்லுங்கள்.

சில்வர் பீச் சிங்கம்
இது இன்னிக்கு வரும் சரக்கு சார். பழைய காலத்துல தூஜோன் பத்து மடங்கு இருந்துச்சு, அதனாலதான் தடை பண்ணாங்கன்னு எல்லா இடத்துலயும் எழுதியிருக்கான். இப்ப வர்றது பல்லு புடுங்குன பாம்பு.

வேதிப்பிரியன்
பழைய காலத்துப் பாட்டில்கள் சீல் உடைக்காமல் இன்னும் கிடைக்கின்றன, சேகரிப்பவர்கள் வைத்திருக்கிறார்கள். தடைக்கு முந்தைய அப்படிப்பட்ட 13 பாட்டில்களைத் திறந்து அளந்து 2008இல் முடிவை வெளியிட்டார்கள். லிட்டருக்கு 0.5 மி.கி. முதல் 48.3 மி.கி. வரை, சராசரி 25 சொச்சம். இன்றைய ஐரோப்பிய வரம்புக்குள்ளேயே பெரும்பாலானவை அடங்கிவிடும். லிட்டருக்கு 200, 300 மி.கி. என்று முன்பு சொன்னதெல்லாம் செடியின் எண்ணெயில் இவ்வளவு இருக்கும், ஆகவே பாட்டிலிலும் இவ்வளவு இருக்கும் என்று காகிதத்தில் போட்ட கணக்கு. வடிக்கும்போது எவ்வளவு தாண்டி வருகிறது என்று அவர்கள் அளக்கவில்லை.

2004இல் ஜெர்மனியில் 25 பேருக்கு ஆல்கஹாலோடு தூஜோனைக் கலந்து கொடுத்துச் சோதித்தார்கள். லிட்டருக்கு 100 மி.கி. என்ற அளவில், அதாவது இன்றைய வரம்பைப் போல் சுமார் மூன்று மடங்கில், கவனம் சிதறியது. ஆக, தூஜோன் ஏறினால் கிடைப்பது ஞானம் இல்லை, மந்தம்.

அப்போது எதற்குத் தடை செய்தார்கள் என்றால் அது பாதி சாராயக் கதை, பாதி திராட்சைக் கதை. 19ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் ஃபில்லோக்சரா என்ற பூச்சி பிரான்ஸின் திராட்சைத் தோட்டங்களை அழித்தது. ஒயின் விலை ஏறியது, மக்கள் ஆப்சிந்துக்குத் தாவினார்கள். தோட்டங்கள் மீண்டபோது வாடிக்கையாளர் திரும்பவில்லை. ஒயின் முதலாளிகளும் மதுவிலக்குக்காரர்களும் கைகோத்தது அப்போதுதான். வலன்டின் மான்யான் என்ற மனநல மருத்துவர் விலங்குகளுக்குச் செடியின் சுத்த எண்ணெயைக் கொடுத்து வலிப்பு வருவதைக் காட்டினார். கிளாஸில் இருப்பதும் அந்த எண்ணெயும் ஒன்றல்ல என்பதை அன்றைக்கே சிலர் எடுத்துச் சொன்னார்கள், எடுபடவில்லை.

1905 ஆகஸ்டில் சுவிட்சர்லாந்தின் கொம்யூனி கிராமத்தில் ஜான் லான்ஃப்ரே என்பவன் மனைவியையும் இரண்டு பெண் குழந்தைகளையும் சுட்டுக் கொன்றான். அன்று அவன் ஒயினும் பிராந்தியும் வயிறு முட்டக் குடித்திருந்தான். ஆப்சிந்த் இரண்டே கிளாஸ். பத்திரிகைகள் அந்த இரண்டைப் பிடித்துக்கொண்டன. 1908இல் மக்கள் வாக்கெடுப்பு, 1910இல் சுவிஸ் தடை அமல். அமெரிக்கா 1912. பிரான்ஸ் 1915 மார்ச், உலகப் போரின் நடுவில்.

திரும்பி வந்ததும் அதே மாதிரி படிப்படியாகத்தான். சுவிட்சர்லாந்து 2005 மார்ச் 1. அமெரிக்கா 2007, ஆனால் அங்கே "தூஜோன் இல்லாதது" என்றுதான் விற்க வேண்டும், அதற்கு அர்த்தம் கிலோவுக்கு 10 மி.கி.க்குக் கீழ். பிரான்ஸ் பழைய சட்டத்தையே 2011இல் நீக்கியது.

சில்வர் பீச் சிங்கம்
அப்ப ஓவியர் வான்கோ ஆப்சிந்த் குடிச்சுட்டுக் காதை அறுத்துக்கிட்டாருன்னு சொல்றது?

வேதிப்பிரியன்
அவர் எல்லாவற்றையும் குடித்தார், ஒழுங்காகச் சாப்பிடவில்லை, மனநோயும் இருந்தது. ஒரு பாட்டிலின் மேல் பழி போட முடியாது. ஆனால் ஒரு விஷயம்: அந்தக் காலத்து மலிவுச் சரக்கில் பச்சை நிறத்துக்குச் செம்பு உப்புகளும், தண்ணீர் விட்டால் பால் போலக் கலங்குவதற்கு ஆண்டிமனி உப்பும் கலந்தார்கள். அது நிஜ விஷம். கலப்படத்தின் பாவத்தைச் செடி சுமந்தது.

சோம்பு வாசம்
கலக்கும் முறைக்கு வருகிறேன். இதை ராவாக அடிக்கக் கூடாது, ஷாட் அடிக்கவே கூடாது. 68 சதவீதம் நாக்கை மரத்துப்போக வைக்கும், மணம் ஒன்றும் தெரியாது.

ஒரு ஆளுக்கு 30 மி.லி. ஆப்சிந்த். தண்ணீர் மூன்று மடங்கிலிருந்து ஐந்து மடங்கு வரை, 90 முதல் 150 மி.லி. பார்க்க நிறையத் தண்ணீர் மாதிரி இருக்கும். ஆனால் 90 விட்டால் கிளாஸில் 17 சதவீதம், 120 விட்டால் 13.6, 150 விட்டால் 11 சொச்சம். ஒயின் அளவுக்குத்தான் இறங்குகிறது. 45 முதல் 53 சதவீதம் உள்ள பாட்டில் என்றால் இரண்டு, மூன்று மடங்கு போதும்.

தண்ணீர் ஐஸ் போலக் குளிர்ந்திருக்க வேண்டும். பாண்டியில் ஏப்ரல் மே மாதத்தில் கேனிலிருந்து நேரே பிடித்த தண்ணீரை விட்டால் சாராயநெடி மட்டும் மூக்கில் ஏறும். ஒரு ஜக்கில் பாதிக்கு ஐஸ் போட்டு மேலே தண்ணீர் ஊற்றிப் பத்து நிமிடம் வைத்துவிடுங்கள். ஐஸ் ஜக்கில்தான் இருக்க வேண்டும், கிளாஸில் போட வேண்டாம். நேரடியாக ஐஸ் பட்டால் சோம்பின் எண்ணெய்ப் பொருளான அனெத்தோல் உறைந்து மேலே வெள்ளை ஏடாக மிதக்கும். குழாய்த் தண்ணீரில் குளோரின் வாடை இருந்தால் அதுவும் மேலே வரும், கேன் தண்ணீர் நல்லது.

வேகம்தான் எல்லாம். 90 மி.லி.யை நாலைந்து நிமிடம் இழுத்து ஊற்றுங்கள். முதல் 30 மி.லி. சொட்டுச் சொட்டாக. அப்போது கிளாஸின் அடியில் எண்ணெய்க் கோடுகள் சுழல்வது தெரியும். சரிக்குச் சரி சேர்ந்ததும் 34 சதவீதத்துக்கு வந்திருக்கும், அந்த இடத்தில்தான் கலங்க ஆரம்பிக்கும். மேலே மட்டும் தெளிவான பச்சைக் கோடு நிற்கும். அந்தக் கோடு மறைந்ததும் கொஞ்சம் சுவைத்துப் பாருங்கள். காரம் இருந்தால் இன்னும் 20, 30 மி.லி. விடுங்கள். ஒரே மூச்சில் ஊற்றினாலும் கலங்கும், ஆனால் மணம் தட்டையாகிவிடும்.

சொட்டுச் சொட்டாக விட பிரெஞ்சுக்காரன் குழாய் வைத்த கண்ணாடி ஜாடி வைத்திருப்பான். நமக்கு அது தேவையில்லை. தண்ணீர் பாட்டில் மூடியில் சூடான ஊசியால் ஒரு ஓட்டை போட்டுக் கவிழ்த்துப் பிடித்து லேசாக அழுத்தினால் போதும்.

சர்க்கரை உங்கள் இஷ்டம். போடுவதானால் ஒரு கட்டி, 4 கிராம் சொச்சம். ஓட்டைக் கரண்டி இல்லையென்றால் முள்கரண்டியைக் கிளாஸின் மேல் குறுக்கே வைத்து அதன் மேல் கட்டியை வைக்கலாம். டீ வடிகட்டி வேண்டாம், சர்க்கரை வலையில் ஒட்டிக்கொண்டு சீராக இறங்காது. நாட்டுச் சர்க்கரை போட்டால் வெல்ல வாசம் மூலிகை வாசத்தை மூடிவிடும்.

மிஷன் வீதி
சர்க்கரையில் எனக்கு உடன்பாடு இல்லை. நன்றாக வடித்த சரக்குக்குச் சர்க்கரை வேண்டியதே இல்லை, குறிப்பாக சுவிஸ் நாட்டு வெள்ளை வகைக்கு. கியூப்ளர், லா கிளாந்தெஸ்தீன் இரண்டும் 53 சதவீதம், நிறமில்லாதவை, அவற்றில் சோம்பின் இனிப்பே போதும். அந்தக் காலத்தில் சர்க்கரை போட்டது பாதிச் சரக்கு கரடுமுரடாக இருந்ததால்.

சோம்பு வாசம்
வெள்ளைக்கு ஒத்துக்கொள்கிறேன். பச்சை 68க்கு முதல் முறை குடிப்பவர் அரைக் கட்டியாவது போடட்டும். முதல் கிளாஸ் சர்க்கரை இல்லாமல், இரண்டாவது அரைக் கட்டியோடு என்று ஒப்பிட்டால் அவரவர் நாக்குக்குத் தெரிந்துவிடும். இரண்டையும் ஒரே ராத்திரியில் முடிக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

சில்வர் பீச் சிங்கம்
கட்டிய ஆப்சிந்துல முக்கி நெருப்பு வைக்கிறது? வீடியோல எல்லாம் அதான் காட்றான்.

சோம்பு வாசம்
அது 1990களில் செக் நாட்டு பார்களில் கிளப்பிவிட்ட வித்தை. அங்கே ஹில்ஸ் மாதிரி 70 சதவீதச் சரக்கில் சோம்பு குறைவு, தண்ணீர் விட்டால் கலங்காது. பார்க்க ஒன்றும் இல்லாததால் நெருப்பைக் காட்டினார்கள். பாரம்பரிய முறையில் நெருப்பே கிடையாது.

சுவை கருகிய சர்க்கரையாகிவிடும், மூலிகை மணம் போய்விடும். அதைவிடப் பெரிய விஷயம், 70 சதவீத ஆல்கஹாலின் ஆவி சுமார் 17 டிகிரியிலேயே பற்றும். நம் அறை வெப்பம் 32. தீக்குச்சி பக்கத்தில் வந்தாலே பிடித்துக்கொள்ளும். சுடர் வெளிர் நீலம், விளக்கு வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாது. "அணைந்துவிட்டது" என்று நினைத்து பாட்டிலிலிருந்து மறுபடி ஊற்றுபவன்தான் கையைச் சுட்டுக்கொள்கிறான், தீ ஊற்றும் தாரையில் ஏறி பாட்டில் வாயிலிருந்து பீய்ச்சும். மின்விசிறி ஓடினால் சுடர் எங்கே சாயும் என்று சொல்ல முடியாது. தயவுசெய்து வேண்டாம்.

மிஷன் வீதி
தரம் பார்ப்பது பற்றி யாரும் விரிவாகச் சொல்லவில்லை. பாகூர்க்காரரின் சொந்தக்காரருக்கு இதைத்தான் அனுப்ப வேண்டும்.

பாட்டிலைத் திருப்பிப் பின் சீட்டைப் படிக்கச் சொல்லுங்கள். இ102, இ133 போன்ற எண்கள் இருந்தால் நிறம் செயற்கை. இயற்கைப் பச்சை எப்படி வருகிறது என்றால், வடித்த பிறகு நிறமில்லாத சரக்கில் ஈசோப்பு, எலுமிச்சை மணமுள்ள மெலிசா இலை, சிறிய வகை ஆர்ட்டிமீசியா மூன்றையும் ஊறவைக்கிறார்கள். இலையின் பச்சையம் இறங்குகிறது. அந்தப் பச்சை ஒருபோதும் குளிர்பானப் பச்சையாக இருக்காது. வெளிர் ஆலிவ் நிறம், கொஞ்சம் மஞ்சள் கலந்தது. நாளாக ஆக வாடிய இலை நிறத்துக்குப் போகும், அது கெட்டுப்போனதன் அடையாளம் அல்ல. இயற்கை நிறச் சரக்கு பெரும்பாலும் கருநிறப் பாட்டிலில் வரும், ஏனென்றால் வெளிச்சம் பச்சையத்தைக் கொல்லும். நிறமில்லாத கண்ணாடியில் கண்ணைப் பறிக்கும் மரகதப் பச்சை நின்றால் சாயம் என்று முடிவு செய்யலாம்.

அடுத்தது, வடித்ததா, எண்ணெய் கலந்ததா. பிரெஞ்சில் டிஸ்தில்லே என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். மலிவுச் சரக்கு என்பது சாதா ஆல்கஹாலில் மணச் சாறுகளைக் கலந்து அடைத்தது. குடித்தால் மிட்டாய் வாசம் அடிக்கும், அடிநாக்கில் ஒன்றும் நிற்காது.

கசப்பு அதிகம் இருந்தால்தான் நல்ல ஆப்சிந்த் என்பதும் தவறு. கசப்புப் பொருளான அப்சிந்தின் ஆவியாகாது, வடிக்கும்போது கொப்பரையிலேயே தங்கிவிடும். வாயைக் குதறும் கசப்பு இருந்தால் வடிக்காமல் இலையை ஊறவைத்து அப்படியே அடைத்திருக்கிறார்கள் என்று பொருள்.

கலங்கல் கடைசிச் சோதனை. நல்ல சரக்கு மெதுவாகக் கலங்கி உள்ளே நீலமும் மஞ்சளும் மின்னும். ஓரிரண்டு சொட்டிலேயே அரிசி கழுவிய தண்ணீர் போல் திடீரென்று வெளுத்தால் சீமைச் சோம்புக்குப் பதில் அன்னாசிப்பூ எண்ணெய் அதிகம். அதிலும் அனெத்தோல்தான், ஆனால் மலிவு, நாக்கை மரக்கடிக்கும். கலங்கவே இல்லையென்றால் சோம்பே இல்லை.

சீட்டில் தூஜோன் இத்தனை மி.கி. என்று பெரிய எழுத்தில் பீற்றினால், மண்டை ஓடு படம் போட்டிருந்தால், அந்தக் காசுக்கு நல்ல ஜின் வாங்கிக்கொள்ளலாம்.

பாகூர்க்காரன்
மிகவும் நன்றி. அப்போது இங்கே கடையில் கிடைக்குமா கிடைக்காதா?

கலால் கணக்கு
இதற்கு நேர்ப் பதில்: நிச்சயமாகக் கிடைக்கும் என்று நம்பி அலையாதீர்கள். ஏன் என்று சொல்கிறேன்.

1970ஆம் ஆண்டு புதுச்சேரி கலால் சட்டத்தின் கீழ் ஒவ்வொரு பிராண்டின் லேபிளையும் கலால் துறையில் பதிவு செய்து கட்டணம் கட்டினால்தான் அது கடை அலமாரிக்கு வரும். ஆண்டுக்கு நாலு பெட்டிகூடப் போகாத பொருளுக்கு அந்தச் செலவை எந்த விநியோகஸ்தரும் தலையில் ஏற்றிக்கொள்ள மாட்டார். அதற்கு முன்னாலேயே இறக்குமதிச் சுங்கம் இருக்கிறது. வெளிநாட்டு சாராய வகைகளுக்குப் பொதுவாக 150 சதவீதம். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் அனுமதியும் வேண்டும். அந்த ஆணையத்தின் 2011 விதிமுறைகளில், உணவில் சேர்க்கக் கூடாத மணமூட்டிகள் பட்டியலில் தூஜோன் பெயரே இருக்கிறது. செடியிலிருந்து இயற்கையாக இறங்கியது வேறு, மணத்துக்காகச் சேர்த்தது வேறு என்று வாதாடலாம்தான். ஆனால் நாலு பெட்டிக்காக எந்த இறக்குமதியாளர் வாதாடுவார்?

தமிழ்நாட்டுப் பக்கம் சில்லறை விற்பனை முழுக்க 2003 முதல் டாஸ்மாக் கையில். எலைட் கடையில் இறக்குமதிச் சரக்கு உண்டு, அங்கும் பட்டியலில் இருப்பது மட்டும்தான்.

பாண்டி கடையில் பச்சையாக ஒன்றைக் காட்டி ஆப்சிந்த் என்றால், இறக்குமதியாளர் பெயர், உணவு உரிம எண், கலால் ஹோலோகிராம், ஆல்கஹால் சதவீதம் நாலையும் பாருங்கள். 42.8 என்று போட்டிருந்தால் அது நம்மூர் அளவில் அடைத்த ஏதோ ஒரு மதுபானம், ஆப்சிந்த் மணம் சேர்த்திருக்கலாம்.

மிஷன் வீதி
பார் பற்றியும் ஒரு வார்த்தை. ஒயிட் டவுன் மெனுக்களில் "பிரெஞ்சு மரபு" என்று அடைமொழி போட்டால் உடனே ஆர்டர் செய்யாதீர்கள். பாட்டிலை மேசைக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். உங்கள் கண் முன்னால் ஊற்றட்டும், தண்ணீர் தனியாக வரட்டும். நீங்களே தண்ணீர் விட்டுக் கலங்குகிறதா என்று பார்க்கலாம். முன்கூட்டியே கலந்து கொண்டுவந்தால் உள்ளே என்ன இருக்கிறது என்பது பார்மேனுக்கும் கடவுளுக்கும்தான் வெளிச்சம். சாஸெராக் காக்டெயில் என்றால் ஆப்சிந்த் வேலை 5 மி.லி.தான், கிளாஸின் உள்பக்கம் சுழற்றி மிச்சத்தைக் கொட்டிவிடுவார்கள். அதில் ஆப்சிந்த் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள முடியாது.

சுவைக்காக மட்டும் என்றால் பாஸ்டிஸ் தேடலாம். தடைக்குப் பின் பிரான்ஸில் அந்த இடத்துக்கு வந்தது அது, ரிக்கார் என்ற பாஸ்டிஸ் பிராண்ட் 1932இல் தொடங்கியது. 45 சதவீதம், அதிமதுரமும் சர்க்கரையும் உள்ளேயே இருக்கும். 20 மி.லி.க்கு 100 மி.லி. குளிர்ந்த தண்ணீர், கூடுதல் சர்க்கரை வேண்டாம். கலங்கல் அதே மாதிரி. கசப்புச் செடியின் அந்த மலைக்காட்டு வாசம் மட்டும் இருக்காது.

தேவனாம்பட்டினம்
நடுவில் ஒரு கேள்வி. நம்ம மாசிபத்திரியும் மரிக்கொழுந்தும் இதே ஆர்ட்டிமீசியா குடும்பம்தானே? கூட சோம்பு, அன்னாசிப்பூ போட்டு வோட்காவில் ஒரு வாரம் ஊறவைத்தால்? இல்லாட்டி ஆன்லைனில் வார்ம்வுட் எண்ணெய் விற்கிறானே, சொட்டு விட்டுக்கொண்டால்?

வேதிப்பிரியன்
குடும்பம் ஒன்று, குணம் வேறு. மரிக்கொழுந்தில் மணம் தருவது டவனோன் என்ற வேறு பொருள், பூச்சரத்துக்கு அருமை, கிளாஸுக்கு இல்லை. மாசிபத்திரியின் எண்ணெய்க் கலவை ஊருக்கு ஊர், பருவத்துக்குப் பருவம் மாறும். எவ்வளவு தூஜோன், வேறு என்னென்ன இறங்கும் என்று உங்களால் அளக்க முடியாது. ஊறவைத்தால் கசப்பு முழுக்க இறங்கி வாயில் வைக்க முடியாத ஒரு பச்சைத் தண்ணீர்தான் மிஞ்சும்.

எண்ணெய் பேச்சே வேண்டாம். 1997இல் அமெரிக்க மருத்துவ இதழில் பதிவான ஒன்று: 31 வயது ஆள், ஆப்சிந்த் என்று நினைத்து இணையத்தில் வாங்கிய செடி எண்ணெயைச் சுமார் 10 மி.லி. குடித்தார். வலிப்பு வந்து தசைகள் சிதைந்து சிறுநீரகம் செயலிழந்தது. பாட்டில் ஆப்சிந்தில் தூஜோன் மில்லிகிராம் கணக்கு, எண்ணெயில் கிராம் கணக்கு. "சொட்டுதானே" என்று ஆரம்பிக்கக் கூடாத இடம் அது.

கலால் கணக்கு
வீட்டில் வடிக்கலாமா என்று அடுத்த கேள்வி வருமுன் சொல்லிவிடுகிறேன்: உரிமம் இல்லாமல் வடிப்பது இரண்டு பக்கமும் குற்றம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்தில் 60 பேருக்கு மேல் இறந்த பிறகு தமிழ்நாட்டில் தண்டனையை ஆயுள் வரை உயர்த்தியிருக்கிறார்கள். இந்த இழையில் வடிக்கும் முறை யாரும் எழுத வேண்டாம்.

நாடித்துடிப்பு
மருத்துவப் பக்கம் சில விஷயங்கள் விட்டுப்போயிருக்கின்றன.

நம் வழக்கமான 42.8 சதவீதச் சரக்கில் 30 மி.லி. என்றால் ஆல்கஹால் 10 கிராம். 68 சதவீத ஆப்சிந்தில் அதே 30 மி.லி. 16 கிராம். ஆக இரண்டு ஆப்சிந்த் என்பது மூன்று பெக்குக்கு மேல். தண்ணீர் கலந்து சோம்பு வாசத்தோடு இறங்குவதால் சர்பத் மாதிரி வேகமாகப் போகிறது, அங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். "ஆப்சிந்த் தனி போதை" என்பதில் பெரும்பங்கு இந்தக் கணக்குப் பிழை.

70 கிலோ எடையுள்ள ஆண் வெறும் வயிற்றில் 30 மி.லி. குடித்தால் ரத்தத்தில் 100 மி.லி.க்கு 34 மி.கி. வரை ஏறலாம். வண்டி ஓட்டச் சட்ட வரம்பு 30. அதாவது ஒன்று குடித்தாலே ஊதச் சொன்னால் மாட்டலாம். எடை குறைந்தவர்களுக்கும் பெண்களுக்கும் இன்னும் ஏறும். இறங்குவது மணிக்குச் சுமார் 15 மி.கி. இரண்டு கிளாஸ் முடித்தவர் வரம்புக்குக் கீழே வர மூன்று மணி நேரமாவது வேண்டும். காபி, மோர், எலுமிச்சை எதுவும் அதை வேகப்படுத்தாது.

வலிப்பு நோய் உள்ளவர்கள், அதற்கு மாத்திரை சாப்பிடுபவர்கள் இதைத் தொடவே வேண்டாம். தூஜோன் அளவு குறைவு என்று மேலே சொன்னது ஆரோக்கியமான ஆளுக்கு. கர்ப்பிணிகளுக்கும் வேண்டாம். தூக்க மாத்திரை, மெட்ரோனிடசோல் சாப்பிடும் நாட்களில் எந்த மதுவும் கூடாது, இதுவும் சேர்த்துத்தான்.

குடித்தவருக்கு உருவங்கள் தெரிகின்றன, கை கால் இழுக்கிறது, எழுப்பினால் எழவில்லை, கண் மங்குகிறது என்றால் "ஆப்சிந்த் எஃபெக்ட்" என்று வேடிக்கை பார்க்காதீர்கள். உண்மையான ஆப்சிந்த் அப்படிச் செய்யாது. ஒன்று அளவு மீறிய ஆல்கஹால், அல்லது கலப்படம். ஒருக்களித்துப் படுக்க வைத்து 108ஐக் கூப்பிடுங்கள். பாட்டிலையும் கூடவே எடுத்துப் போங்கள், டாக்டருக்கு அது உதவும்.

பாகூர்க்காரன்
எல்லாம் குறித்துக்கொண்டேன். 68க்குள், டிஸ்தில்லே, சாய எண் இல்லாதது என்று சொல்லி அனுப்பிவிட்டேன். பாட்டில் வந்ததும் ஃபிரிட்ஜில் வைக்கலாமா? நம் வெயிலுக்கு வெளியே வைத்தால் கெட்டுவிடுமா?

சோம்பு வாசம்
ஃபிரிட்ஜ் வேண்டாம். அனெத்தோல் 21 டிகிரியிலேயே உறையும் பொருள். நிறையச் சோம்பு உள்ள பாட்டிலைக் குளிரில் வைத்தால் அடியில் வெள்ளைச் செதில் படியும். தெரியாமல் யாராவது வைத்துவிட்டால் கெட்டுப்போச்சு என்று கொட்டிவிடாதீர்கள். வெளியே எடுத்து அரை நாள் வைத்து மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்தினால் கரைந்துவிடும்.

வெயில் படாத அலமாரி, மாடி ஓட்டுக்குக் கீழே உள்ள மேல்தட்டு வேண்டாம். நிமிர்த்தி வையுங்கள், ஒயின் மாதிரி படுக்க வைத்தால் 68 சதவீதம் கார்க்கை அரித்துத் துகள் உள்ளே விழும். இவ்வளவு வலுவான சரக்கில் கிருமி வளராது. திறந்த பிறகும் ஓரிரு வருடம் தாங்கும், பாதிக்குக் கீழே போனால் சின்ன பாட்டிலுக்கு மாற்றுங்கள், இல்லையென்றால் மணம் குறையும். பிளாஸ்டிக் பாட்டிலுக்கு மாற்றாதீர்கள், கண்ணாடிதான்.

சில்வர் பீச் சிங்கம்
பாகூர்க்காரரே, பாட்டில் வந்ததும் சொல்லுங்க. நான் ஆல்பேட்டை தாண்டி அங்கயே வந்துடறேன், வெறுங்கையோட.

ஆல்பேட்டைப் பாலம்
பஸ்ஸில் போங்க தம்பி. திரும்புறதும் பஸ்ஸிலதான்.